தொட்டியில் பழுப்பாக ஏதாவது படர்ந்தால், மருந்துக்கு முன் அதன் பெயரைக் கண்டுபிடியுங்கள்

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்கிற யாருக்கும் பாசித் தொல்லை வராமல் இருக்காது. வரட்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பாசியை விரட்டுகிற வைத்தியமே இன்னொன்றுக்குக் கதவைத் திறந்துவிடும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்வதற்குள் ஓராண்டுக்குப் பக்கமாக ஓடிவிட்டது. செத்த பவளங்கள், மருந்துப் புட்டிகள், கருவிகள் என்று நாலாயிரம் மலேசிய வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போய்விட்டது. தமிழில் தேடினால் தங்கமீன் வளர்ப்பைத் தாண்டி எனக்கு எதுவும் அகப்படவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

நாங்கள் பினாங்கில், பாயான் பாரு பக்கம் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறோம். தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கீழே இருக்கும் சம்ப் என்ற வடிகட்டித் தொட்டியையும் சேர்த்தால் 200 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே கூடத்தில் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டிவிடும். பவளத்துக்கோ 25, 26 டிகிரி வேண்டும். ஆகவே முதல் செலவே தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்தான். அது தண்ணீரிலிருந்து எடுக்கிற சூட்டைக் கூடத்தில் கக்கும், நாம் விசிறியைக் கூட்டுவோம், மின்கட்டணம் ஏறும். "என்னங்க, இந்தத் தண்ணிக்கு மாசாமாசம் கட்டுற காசுல ஒரு நல்ல வாஷிங் மெஷின் வாங்கியிருக்கலாம்" என்று மனைவி சொன்னபோது பதில் சொல்ல வாய் வரவில்லை. கணக்கு அவள் பக்கம்தான் இருந்தது.

தண்ணீரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாசியின் கதை அங்கேதான் தொடங்குகிறது. கடைவரிசையில் சில்லறை போட்டுப் பிடிக்கிற தண்ணீர் எந்திரம் இருக்கிறதே, அதில் பிடித்து உப்பு கலக்கிறவர்கள் நிறையப் பேர். குடிப்பதற்கு அது சரி. தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கிற டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தால் பூஜ்யம் காட்டுவது அரிது, உள்ளே வடிகட்டியை எப்போது மாற்றினார்கள் என்பதும் நமக்குத் தெரியாது. வீட்டிலேயே ஆர்ஓ (சவ்வு வழியாக வடிகட்டும் கருவி) வைத்து, கடைசியில் மிச்சமுள்ள உப்பையும் பிடிக்கும் டிஐ ரெசின் போட்டுக்கொள்வதுதான் நிம்மதி. மாடிவீட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கிவருகிற தண்ணீரில் மேல்மாடிகளுக்கு அழுத்தம் போதாது. அழுத்தம் குறைந்தால் ஆர்ஓ சவ்வு ஒழுங்காக வடிகட்டாது, ரெசின் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரு சிறிய பூஸ்டர் பம்ப் போட்ட பிறகுதான் எனக்கு அது அடங்கியது. இன்னொன்று, ரெசின் தளர ஆரம்பிக்கும்போது முதலில் நழுவி வெளியேறுவது சிலிக்கா. அதை டிடிஎஸ் மீட்டர் சரியாகக் காட்டாது. மீட்டர் பூஜ்யம் சொல்கிறதே என்று இருக்காமல், நிறம் மாறுகிற ரெசினாக வாங்கி, நிறம் பாதிக்கு மேல் ஏறியதும் மாற்றிவிடுங்கள்.

புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களுக்குள் மணலிலும் கண்ணாடியிலும் தூள் தூவியது போல ஒரு பழுப்பு படிந்தது. இது டயட்டம். தண்ணீரிலும் புது மணலிலும் இருக்கிற சிலிக்காவை எடுத்து ஓடு கட்டிக்கொள்கிற நுண்பாசி. விரலால் தேய்த்தால் தூளாகக் கலைந்து போகும். சிலிக்கா தீர்ந்ததும் தானே அடங்கிவிடும். கடைக்காரரும் மலாயில் "இனி பியாசா லா" (இது சகஜம்தான்) என்றார், அவர் சொன்னபடியே போயும் விட்டது. அதிலேயே அவர் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அடுத்து வந்தது பச்சை முடிப்பாசி. பாறையெல்லாம் மெல்லிய பச்சை இழைகள். சோதனைப் பெட்டியில் பாஸ்பேட் பூஜ்யம், நைட்ரேட்டும் ஏறக்குறைய பூஜ்யம். உணவே இல்லாமல் இது எப்படி வளர்கிறது என்று மண்டை காய்ந்தது. சோதனை காட்டுவது தண்ணீரில் மிச்சமிருப்பதை மட்டும்தான். பாசி உறிஞ்சிக்கொண்டது அதில் வராது. காய்ந்த பாறையை வைத்துத் தொட்டி தொடங்கினால் அந்தச் சுண்ணாம்புப் பாறையிலேயே பாஸ்பேட் ஒட்டிக்கொண்டிருக்கும். அது கசியக் கசிய, தண்ணீரில் கலப்பதற்கு முன்பே இழைகள் பிடித்துக்கொள்ளும். கடையில் பாஸ்பேட்டை உறிஞ்சுகிற இரும்பு ஆக்சைடு துகள் கொடுத்தார்கள். கூடவே சம்ப்பில் சத்தை உறிஞ்சிக்கொள்ளும் கீட்டோ பாசி வளர்க்கச் சொன்னார்கள், கழிவை நுரையாக வெளியே எடுக்கும் ஸ்கிம்மரும் முழு வேகத்தில் ஓடியது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வேலை பார்த்ததில் பச்சை மளமளவென்று வெளுத்து உதிர்ந்தது. பாறை பளிச்சென்று ஆனது. அந்த வாரம் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

பச்சைக்கு இதையெல்லாம் விடப் பழைய வழியே நல்லது என்பது என் கருத்து. பாறையை வெளியே எடுக்க முடிந்தால் எடுத்து, உப்புநீர் வாளியில் வைத்துப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிடிவாதமான இடத்தில் மருந்தகத்தில் விற்கிற 3% ஹைட்ரஜன் பெராக்சைடைத் தொட்டு வைத்து, சில நிமிடம் விட்டுக் கழுவித் திரும்ப வைக்கலாம். அப்புறம் நத்தைகள். டிரோக்கஸ் நத்தை கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும், அதனால் வாங்குவதானால் அதை வாங்குங்கள். முடிப்பாசியை விரும்பித் தின்கிற மீன்களில் ஓரா இனமும் ஒன்று. மலாய்க்காரர்கள் டெங்கிஸ் என்பார்களே, சந்தையில் குழம்புக்கு வாங்குவோமே, அதேதான். அலங்கார மீனாக வருகிற மஞ்சள் நிற ஃபாக்ஸ்ஃபேஸ் அதன் சொந்தம். ஆனால் அது பெரிதாக வளரும், என் தொட்டி அதற்குப் போதாது. முள்ளில் விஷமும் உண்டு, குத்தினால் கை கடுக்கும்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்ல வேண்டும். பாறையைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் எல்லாப் பாசியும் ஒழியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாறையில் ஒட்டியிருக்கும் சோவாந்திட் பவளங்களில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. கொதிக்கவைத்தால் அது ஆவியோடு வீட்டுக்குள் பரவும். இப்படிச் செய்து குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் உண்டு.

சரி, பச்சை போன கதைக்கு வருகிறேன். கொஞ்ச நாளில் மணலில் மறுபடி பழுப்பு. படம் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் டயட்டம் என்றார். காத்திருந்தேன். போகவில்லை. இந்த முறை அது தூளாக இல்லை, சளி போல இழுபட்டது. பாறை நுனிகளிலிருந்து நூல் நூலாகத் தொங்கி, ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு காற்றுக் குமிழ். காலையில் விளக்கு போடும்போது மணல் சுத்தமாக இருக்கும், மாலைக்குள் மறுபடி போர்த்திவிடும். உறிஞ்சி எடுத்தால் மறுநாள் அதே அளவு திரும்பி நிற்கும். இரண்டாவது தடவை போனபோது, அப்படியானால் சயனோ (பாசி போலப் படரும் ஒரு பாக்டீரியா) என்று சொல்லி ஒரு தூள் மருந்தைக் கொடுத்தார்கள். போட்ட இரவு ஸ்கிம்மர் பொங்கி வழிந்து தரையெல்லாம் உப்புநீர். மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கின. இந்த வகை மருந்துகள் தண்ணீரில் பிராணவாயுவைக் குறைத்துவிடும், நம்மூர் வெப்பத்தில் அது இன்னும் வேகமாகக் குறையும். நடு இரவில் தண்ணீருக்குள் குமிழ் விடும் காற்றுக் கல்லை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பழுப்பு மட்டும் அசையவில்லை.

பிறகு நத்தைகள் ஒவ்வொன்றாக மணலில் விழ ஆரம்பித்தன. டிரோக்கஸ் நிமிர்ந்துகொள்ளும் என்று மேலே சொன்னேனே, அவை நிமிரவில்லை. முந்நூறு வெள்ளி கொடுத்து வாங்கிய டார்ச் பவளம் கையை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் வெறும் எலும்பாகிவிட்டது. மகள் பள்ளி விட்டு வந்ததும் முதலில் தொட்டியைத்தான் பார்ப்பாள். "அப்பா, இன்னிக்கு எது செத்துச்சு?" என்று அவள் கேட்க ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். விலை கேட்டு வந்தவர்தான் பட்டர்வொர்த்திலிருக்கும் அண்ணன் ஒருவர். என்னைவிடப் பல ஆண்டு முன்பே பவளம் வளர்க்கத் தொடங்கியவர். தொட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, மருந்த விடு. இதுல கொஞ்சம் புட்டியில எடுத்துக் குடு, அண்ணிகிட்ட காட்டுறேன்" என்றார். அண்ணி இடைநிலைப்பள்ளியில் உயிரியல் ஆசிரியை. வீட்டில் ஒரு பழைய நுண்ணோக்கி வைத்திருந்தார்.

நானும் பினாங்குப் பாலத்தைத் தாண்டிக் கூடவே போனேன். நானூறு மடங்கு பெருக்கத்தில் பார்த்தபோது கண்ணீர்த் துளி வடிவத்தில் பழுப்புச் செல்கள், நூலில் கட்டிவிட்டது போல ஒரே புள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்தன. டயட்டம் இப்படிச் சுழலாது. அது கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒழுங்கான வடிவத்தில், நகர்ந்தாலும் வழுக்கிக்கொண்டு மெதுவாக நகரும். சயனோ பாக்டீரியா என்பதால் உள்ளே கரு இல்லாத நீண்ட இழையாகத் தெரியும். இது இரண்டுமில்லை. டைனோஃபிளாஜெலேட் (சுருக்கமாக டைனோ) என்ற ஒற்றைச் செல் உயிர், அதிலும் ஆஸ்ட்ரியோப்சிஸ் என்ற வகை. பாலிடாக்சினுக்கு நெருங்கிய நஞ்சைச் சுரக்கக்கூடியது. 2005 கோடையில் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் இதே இனம் பெருகியபோது, கடற்காற்றைச் சுவாசித்த ஏறக்குறைய இருநூறு பேர் காய்ச்சல், இருமல் என்று மருத்துவ உதவி தேடினார்கள். என் நத்தைகள் ஏன் விழுந்தன என்பது அங்கே புரிந்தது. கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கைவிட்டுக்கொண்டிருந்ததை நினைத்து வயிற்றைப் பிசைந்தது.

இது ஏன் வந்தது என்று அண்ணன் விளக்கியதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு இறங்கினால் பச்சைப் பாசியும் டயட்டமும் நல்ல பாக்டீரியாவும் பட்டினி கிடக்கும். டைனோக்களில் பல ஒளியிலும் வாழும், பாக்டீரியாவைப் பிடித்துத் தின்றும் வாழும். அதனால் எல்லாரும் பட்டினியில் தளர்ந்துபோன இடத்தை அவை பிடித்துக்கொள்ளும். பச்சைக்காக வாங்கிப் போட்ட இரும்பு ஆக்சைடு துகள்தான் பழுப்புக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது. டயட்டம் என்று நினைத்து நான் செய்த ஒவ்வொரு தண்ணீர் மாற்றமும் மிச்சமிருந்த சத்தையும் குறைத்திருக்கிறது. சயனோ மருந்தோ, அதோடு போட்டிபோட வேண்டிய பாக்டீரியாவையும் சேர்த்து அடித்திருக்கிறது.

நுண்ணோக்கி இல்லாதவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. பழுப்புச் சளியைக் கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு புட்டியில் எடுத்து, கட்டி கரையும்வரை நன்றாகக் குலுக்குங்கள். காகித வடிகட்டியில் ஊற்றி, இறங்கிய தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து விளக்கடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். நூல்கள் மறுபடி கூடி ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் டைனோதான். கோப்பிக்கடைத் துணி வடிகட்டி இதற்கு உதவாது, கண் பெரிது. ஆனால் இந்தச் சோதனை டைனோ என்று மட்டும்தான் சொல்லும், எந்த டைனோ என்று சொல்லாது. அது தெரியாவிட்டால் அடுத்த செலவும் வீண். ஆஸ்ட்ரியோப்சிஸ் இரவில் மணலை விட்டுத் தண்ணீருக்குள் கிளம்பிவிடும், அதனால் தன் வழியே ஓடும் தண்ணீரில் இருப்பதைக் கொல்லும் யூவி (புற ஊதா) விளக்கு அதைப் பிடிக்கும். ஆம்ஃபிடினியம் வகை மணலிலேயே கிடக்கும், அதற்கு யூவி வாங்கினால் காசைக் கடலில் போட்டதுதான். அந்த வகைக்குச் சோடியம் சிலிக்கேட் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, டயட்டத்தை வேண்டுமென்றே வளர்த்து மணலை அதன் கையில் கொடுப்பார்கள். நுண்ணோக்கி இணையக் கடைகளில் இருநூறு வெள்ளிக்குள் கிடைக்கிறது. நான் வாங்கிய பொருள்களிலேயே மலிவானது அதுதான், கடைசியாக வாங்கியதும் அதுதான்.

வைத்தியம் இப்படி நடந்தது. முதலில் இரும்பு ஆக்சைடையும் கீட்டோவையும் எடுத்தேன். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினேன். நச்சை உறிஞ்சுவதற்காகக் கார்பன் (கரித்துகள்) மட்டும் வைத்து அடிக்கடி மாற்றினேன். மாலை வேளையில், பழுப்பு அதிகமாகக் கூடியிருக்கும்போது, சிறு குழாயால் உறிஞ்சி நெருக்கமான வடிகட்டிப் பைக்குள் விட்டு, தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பினேன். யூவியைப் பொறுத்தவரை சுமார் 10 லிட்டருக்கு ஒரு வாட் என்று பவளத் தொட்டிக்காரர்கள் கணக்குச் சொல்கிறார்கள். எனக்கு 18 வாட் போதுமானதாக இருந்தது. அதைச் சம்ப்பில் வைக்காமல் மேல் தொட்டியிலிருந்தே நேராகத் தண்ணீர் எடுத்து மெதுவாக ஓடவிட வேண்டும். யூவியும் சூடு கொடுக்கும், சில்லர் கொஞ்சம் கூடுதலாக ஓடத்தான் செய்யும்.

அப்புறம் சத்து சேர்ப்பது. இது மனதுக்கு ஒப்பவே இல்லை, பாசியை விரட்ட உரம் போடுவதா என்று. ஆனாலும் செய்தேன். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (ஏறக்குறைய லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம்), பாஸ்பேட் 0.05 முதல் 0.1 பிபிஎம் என்று இலக்கு. 200 லிட்டரில் நைட்ரேட்டை 5 பிபிஎம் உயர்த்தச் சுமார் 1.4 கிராம் சோடியம் நைட்ரேட் போதும். பாஸ்பேட் 0.1 என்பது அதே தண்ணீரில் 20 மில்லிகிராம்தான். அதைக் கரண்டியில் அளக்க முடியாது, கரைசலாக வருவதையே வாங்குங்கள். ஒரேயடியாக ஊற்றாமல் சிறிது சிறிதாகச் சேர்த்து, தினமும் அளந்தேன். மாலையில் சேர்த்த பாஸ்பேட் காலையில் காணாமல் போகும். பாறைதான் உறிஞ்சிக்கொள்கிறது. பாறை நிறைந்த பிறகுதான் அளவு நிற்கும், அதுவரை பொறுக்க வேண்டும்.

அளவுக் கருவிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. ஹன்னாவின் குறைந்த அளவு பாஸ்பரஸ் மீட்டர் காட்டும் எண் பாஸ்பேட் அல்ல, பாஸ்பரஸ், அதுவும் பிபிபி (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில். அதை 3.066 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால்தான் பாஸ்பேட் பிபிஎம். 10 காட்டினால் 0.03. ஐந்து எண் முன்னே பின்னே இருக்கும் என்று தயாரிப்பாளரே சொல்வதால், 2, 3 என்று காட்டினால் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சாலிஃபெர்ட் நைட்ரேட் சோதனையில் நிறம் மிக வெளிறிப்போனால் குப்பியைப் பக்கவாட்டில் பார்த்து, வரும் எண்ணைப் பத்தால் வகுக்க வேண்டும். தாளில் எழுதியிருக்கிறது, எழுத்துதான் பொடி.

சில வாரங்களில் யூவி வேலை செய்வது தெரிந்தது. மாலை நூல்கள் குட்டையாகின, குமிழ்கள் குறைந்தன. கண்ணாடியில் இளம்பச்சை படிந்த அன்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதப் போக்கத்தானே அவ்ளோ காசு போட்டீங்க?" என்று கேட்டாள். அவளுக்கு விளக்குவதற்குள் நானே சிரித்துவிட்டேன். மூன்று நாள் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடிவைக்கும் முறையையும் நடுவில் செய்துபார்த்தேன். நூல்கள் கலையும், யூவி அப்போது நிறையப் பிடிக்கும், அதனால் கூடவே செய்தால் பயன் உண்டு. யூவி இல்லாமல் வெறுமனே மூடினால் விளக்கு போட்ட வாரமே திரும்பிவிடும்.

மற்ற சிலவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உண்மையான சயனோ பெரும்பாலும் கருஞ்சிவப்பில், பாய் போல மணலை மூடும். ஓரத்தைப் பிடித்தால் ஏடாக உரிந்துவரும். தண்ணீர் ஓட்டம் குறைந்த மூலையில் தொடங்கும், அலைப் பம்ப்பைத் திருப்பிவைத்து உறிஞ்சி எடுத்தாலே பாதி போகும். முடிப்பாசி என்று நினைப்பது சில நேரம் பிரையாப்சிஸாக இருக்கும். உருப்பெருக்கியில் இறகு போலக் கிளை பிரிந்திருந்தால் அதுதான். அதற்கு நத்தையும் உதவாது, பாஸ்பேட் குறைப்பதும் உதவாது. பூஞ்சைக்கு மனிதர்களுக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோலை லிட்டருக்கு 5 மில்லிகிராம் கணக்கில் போட்டு, கார்பனையும் ஸ்கிம்மரையும் நிறுத்திவைப்பதுதான் பவளத் தொட்டிக்காரர்களின் வழக்கம். அதே மருந்தை டைனோவுக்குப் போட்டால் ஒன்றும் நடக்காது.

இப்போது தொட்டியில் பாக்கி இருப்பது வலோனியா, பச்சை மணி போலப் பளபளக்கும் குமிழ்ப்பாசி. எங்கோ வாங்கிய பவளத் துண்டோடு வந்தது. இதை நசுக்கக் கூடாது, உடைந்தால் உள்ளிருப்பது பரவலாம் என்பார்கள். சிறு இடுக்கியால் அடியோடு நெம்பி, பக்கத்திலேயே உறிஞ்சு குழாயைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுக்கிறேன். இதைத் தின்னும் எமரால்டு நண்டு இங்குள்ள கடைகளில் வருவது எப்போதாவதுதான். வந்தால் சொல்லும்படி பட்டர்வொர்த் அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மகளும் இடுக்கியும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறோம். அவளுக்கு என்னைவிடக் கை நிதானம்.